மூன்று விநாடி ரசீது

அலுவலகத்தில் அவளை ஸ்டேட்டஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நான்கு மேசையும் சத்தம் போடும் ஒரு ஏசியும் உள்ள அறை. கிளினிக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனம் அது. அனுப்புவது இயந்திரத்தின் வேலை. அனுப்பியது ஏன் போகவில்லை என்று சொல்வது அவள் வேலை.

பதினோரு வருடங்களுக்கு முன் போன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். மற்றதை யாரும் சொல்லித்தரவில்லை. திரையில் வரும் தோல்விக் குறியீடுகளை நோட்டில் எழுதிக்கொண்டு, தோற்ற எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசி, நேற்று உங்கள் போன் அணைந்திருந்ததா, செய்திப் பெட்டி நிறைந்திருந்ததா என்று விசாரித்தே படித்தாள். 'அனுப்பப்பட்டது' என்றால் நம்மை விட்டுக் கிளம்பியது, அவ்வளவுதான். 'ஏற்கப்பட்டது' என்றால் செல்போன் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது. 'சேர்ந்தது' என்றால் போன் வாங்கிக்கொண்டு ரசீது அனுப்பிவிட்டது. மனிதர் படித்தாரா என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. போகாதவற்றில் இரண்டை அவள் எப்போதும் பிரித்துப் பார்ப்பாள். 'எண் இல்லை' என்பது முடிந்த கதை. 'எட்டவில்லை' என்றால் எண் இருக்கிறது, போன் எங்கோ அணைந்து கிடக்கிறது. செல்போன் கம்பெனியின் செய்தி மையம் ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, அரைமணி கழித்து ஒருமுறை, பிறகு இடைவெளி கூட்டிக் கூட்டி முயலும். எழுபத்திரண்டு மணி நேரத்தில் 'காலாவதி' என்று எழுதிவிட்டுக் கைவிடும்.

அவளுடைய தம்பியின் எண் பதினான்கு மாதமாக 'எட்டவில்லை'யில் இருந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்று சொன்னவன், வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டு, அப்பா போய்ப் பத்து நாள் கழித்து வந்து நின்றான். அம்மா கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. நீ எனக்குப் பிறக்கவே இல்லைன்னு நெனச்சுக்கறேன் என்றாள். அவன் செருப்பைக் கழற்றியிருந்தான். திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். மறுநாளிலிருந்து போன் இல்லை. வேலை செய்த இடத்திலும் அவன் இல்லை. போலீசில், முப்பத்து நாலு வயசு ஆள், தானா போயிருக்கார், தானா வருவார் என்று சொல்லிப் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பல மாதம் ரீசார்ஜ் செய்யாத எண்ணைக் கம்பெனி பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மாதாமாதம் அவளே தம்பியின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தாள். திங்கட்கிழமை காலையில், கிளினிக் செய்திகள் கிளம்பும் முன், அவன் எண்ணுக்கு அலுவலக இயந்திரத்திலிருந்து ஒரு செய்தி அனுப்புவாள். சொந்தப் போனில் அனுப்பினால் போகவில்லை என்பது மட்டும் தெரியும். இங்கே காரணம் தெரியும். காரணம் 'எட்டவில்லை' என்று இருக்கிறவரை அந்த வாரம் ஓடும்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை 'சேர்ந்தது' என்று வந்தது.

உடனே அவன் எண்ணுக்கு அடித்தாள். அணைந்திருப்பதாக அதே பெண் குரல். ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்திருப்பான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரமும் சேர்ந்தது. அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா அன்றைக்கு இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொண்டாள். அவன் அறையில் அடைத்து வைத்திருந்த பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டாள், மெத்தையை வெயிலில் காயவைத்தாள், மாடிப்படியில் காலடி கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். மூன்றாம் வாரம் தானே வந்து உட்கார்ந்து, நான் சொல்றேன், நீ எழுது என்றாள். சொல்லச் சொல்ல நீண்டது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனா நீயும் ஒரு போன் பண்ணியிருக்கலாம், அப்பா கடைசிவரைக்கும் வாசலைப் பார்த்துட்டே இருந்தார், ஆனாலும் நீ என் பிள்ளைதான். எழுபது எழுத்துக்குறியைத் தாண்டினால் செய்தி துண்டாகும். அது நான்கு துண்டு ஆயிற்று. நான்கும் சேர்ந்தது. அன்று முதல் அம்மா மாத்திரை இல்லாமல் தூங்கினாள்.

இந்த வாரம் பல் கிளினிக்கின் வரவேற்புப் பெண் போன் செய்தாள். காலையிலிருந்து ஆறு பேர், எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் மெசேஜே வரலை என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்களாம். டாக்டர் பிடுங்குவது பல்லை இல்லை, என் உயிரை என்றாள். ஸ்டேட்டஸ் அக்கா அந்த ஆறு எண்ணையும் எடுத்தாள். ஆறும் 'சேர்ந்தது'. வழக்கமாக அங்கேயே, உங்கள் ஆட்கள் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று முடித்திருப்பாள். அன்று நேரத்தைப் பார்த்தாள். அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் இடையே மூன்று விநாடி. அடுத்ததும் மூன்று. ஆறும் மூன்று.

உண்மையான போன்கள் அப்படிச் செய்யாது. ஒன்று பஸ்ஸில் இருக்கும், ஒன்று நிலவறையில், ஒன்று மேசை டிராயரில். ஒன்று நான்கு விநாடியில் வாங்கும், ஒன்று நாற்பதில், ஒன்று மறுநாள். பதினோரு வருடத்தில் ஒரே நேரத்தில் பதில் சொன்ன இரண்டு போனை அவள் பார்த்ததில்லை.

தம்பியின் பட்டியலைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள். ஐந்து திங்கட்கிழமை. ஐந்தும் மூன்று விநாடி. முதல் வாரமே அந்த மூன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. பட்டதை அவள் பார்க்கவில்லை.

செய்திகளை எந்தக் கம்பெனி வழியாக அனுப்புவது என்று பார்க்கிறவனுக்கு அலுவலகத்தில் ரூட்டு என்று பெயர். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்காவிடம் குட்மார்னிங் சொன்னாலும் ரசீது கேட்பாள் என்று கிண்டலடிப்பவன். வழி எப்போது மாறியது என்று அவனிடம் கேட்டாள். ஐந்து வாரம் ஆச்சு, முதலாளி மலிவாக ஒரு இடைத்தரகரைப் பிடித்தார், நேர் வழியைப் பள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம் என்றான்.

சோதனைக்கென்று ஒரு சிம் அவள் டிராயரில் உண்டு. அதைப் போட்டுப் பார்க்கும் பழைய போன் உடைந்து மாதக்கணக்காகிறது. சிம்மைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் அந்த எண்ணுக்குப் புதிய வழியில் ஒரு செய்தி அனுப்பினாள்.

மூன்று விநாடி. சேர்ந்தது.

கையில் நகத்தளவு துண்டு. அதில் மின்சாரம் இல்லை, திரை இல்லை, சுற்றி போனே இல்லை. அது வாங்கிக்கொண்டதாகத் திரை சொன்னது. ரூட்டு எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துவிட்டது.

"அக்கா, அந்தத் தரகன் மெசேஜை அனுப்பவே இல்லை. ரசீதை மட்டும் அனுப்பறான்."

முதலாளியிடம் ரூட்டே பேசினான். மாலைக்குள் எல்லாம் நேர் வழிக்குத் திரும்பியது. பல் கிளினிக்குக்கு அவள் மன்னிப்புக் கேட்டுப் பேசினாள், ஆறு நோயாளிகளுக்கும் தானே போன் செய்து நேரம் சொன்னாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள். பஸ் இருந்தும் நடந்தாள். சொல்லாமல் விட்டால் அம்மா தூங்குவாள். சொல்லாமல் விட்டால், அம்மா சொன்னது யாருக்கும் போகாமலேயே முடிந்துபோகும்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு போர்வையை மூன்று முறை பிரித்து மடித்தாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லைம்மா. கிளம்பவே இல்லை."

"யார்தான் கேட்டது அதை?"

"நான் கேட்டேன்."

"நீ கேட்டு என்ன பண்ண."

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. அம்மா தம்பியின் அறைக்குள் போனாள், வெளியே வந்தாள், திரும்பப் போனாள். மகள் கூடத்திலேயே உட்கார்ந்து, இந்த ஐந்து வாரமும் அந்தப் போன் எங்கே கிடந்திருக்கும் என்று யோசித்தாள். ஒரு பையின் அடியில், ஒரு லிஃப்டின் குழிக்குள், தண்ணீரில். யோசனையை நிறுத்த முடியவில்லை.

காலையில் அவள் கிளம்பும்போது அம்மா வாசலை மறித்து நின்றாள். திரும்ப எழுது என்றாள். பழையது அப்படியே இருக்கிறது, அதையே அனுப்புகிறேன் என்றாள் மகள்.

"அதை அனுப்பாதே. அதுல ரெண்டு 'ஆனா' இருக்கு."

பிறகு சொன்னாள். நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வா. அம்மா. அவ்வளவுதான். எழுபது குறிக்குள் நின்றது, துண்டாகவில்லை.

பத்து நாற்பதுக்கு நேர் வழியில் அனுப்பினாள். ஏற்கப்பட்டது. ஒரு நிமிடம் போல் கழித்து, எட்டவில்லை, மீண்டும் முயலும். மதியம் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன போட்டிருக்கு?"

"எட்டலைன்னு போட்டிருக்கும்மா."

"சரி," என்றாள் அம்மா. "இன்னும் எத்தனை நேரம் தட்டும்?"

"எழுபது மணி நேரம்."

"அப்புறம்?"

"நான் திரும்ப அனுப்புவேன்."

அம்மா போனை வைக்கவில்லை. மகளும் வைக்கவில்லை. திரையில் அடுத்த முயற்சிக்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மகள் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.