காக்கை வராத பலி

நேற்றுச் சாயங்காலம் சுனில் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வானத்தில் இல்லை, அவன் செல்போனில். அவன் மகள் துபாயிலிருந்து வருகிறாள். நீலக் கடலுக்கு மேல் மஞ்சளாக ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. “கோட்டுகாலுக்கு மேல வந்தாச்சு சாறே” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடலோர ஊரான கோட்டுகாலுக்கு மேலே இருப்பது அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்காது. பாறசாலையில் மரச்சீனிக் கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டிருக்கும் இரண்டு கிழங்களுக்குத் தெரிகிறது.

மரச்சீனி வறுவல் வாசனை வந்தால் எனக்குப் பொன்னையன் அண்ணன் வந்துவிடுவார். சுனிலின் அப்பா. சந்தையில் மரச்சீனி விற்றவர். தராசைத் தூக்கிப் பிடித்தபடியே வசனம் பேசுவார். வாங்க வந்தவர்கள் முள்ளைப் பார்க்க மறந்துவிடுவார்கள். எங்கள் வாசகசாலை கிளப்பின் நாடகம் எதுவானாலும் அப்பா வேஷம் அவருக்குத்தான்.

நான் அப்போது டுட்டோரியல் கல்லூரியில் தமிழும் மலையாளமும் நடத்திக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் நாடகாசிரியன். அப்படி என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரே ஒரு தந்திரம்தான் உண்டு. மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாத ஒன்றை, கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவது. அதன்பிறகு அவர்களால் எழுந்து போக முடியாது. கள்ளன் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துவிட்டால் கடலைக்காரன்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அந்தப் பக்கம் போவாதம்மா” என்று கத்துவான். தெரிந்தவனுக்குத்தான் பதைப்பு. தெரியாதவன் பாட்டுக்குச் சோறு தின்றுகொண்டிருப்பான். இதை நானே கண்டுபிடித்ததாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், போங்கள்.

தொண்ணூறில் எழுதிய நாடகத்தில் ஓடிப்போன மகன் மணி, பல வருஷம் கழித்து, சீப்பும் கண்ணாடியும் விற்கிறவனாகத் தாடியோடு திரும்பி வருகிறான். தான் யாரென்று முதல் காட்சியில் டீக்கடைக்காரனிடம் சொல்லிவிடுகிறான். அப்பனிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. அவர் வீட்டிலேயே வாடகைக்குத் தங்குகிறான். மகன் செத்துவிட்டான் என்று நம்பும் அப்பன் ஆடி அமாவாசையான கர்க்கடக வாவுக்குப் பிண்டம் வைத்துப் பலி போட உட்காருகிறார். இலையும் எள்ளும் எடுத்துக் கொடுப்பது யார்? அந்த மகனேதான். ஈரக் கையைத் தட்டி அப்பன் காக்கையைக் கூப்பிடும்போது பெண்கள் பக்கம் ஒரே அழுகையாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒத்திகை பாதியில் நிற்கும்போது குவைத்தில் சண்டை மூண்டது. பொன்னையன் அண்ணனின் ஒரே பிள்ளை சுனில் அங்கே ஒரு பேக்கரியில் வேலையாக இருந்தான். கடிதம் இல்லை, போன் இல்லை. ஒற்றசேகரமங்கலத்துப் பையன் ஒருவன் திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டு அண்ணன் பஸ் ஏறிப் போனார். சுனில் இருந்த தெருப்பக்கமே தான் போனதில்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

காணாமல் போன மகனை வைத்துக்கொண்டு மேடையில் மகனுக்குப் பலி போடுவதா என்று ஊரே முகம் சுளித்தது. அந்தக் காட்சியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல அவர் கடைக்குப் போனேன். அவர் மண்ணைத் தட்டித் தட்டி மரச்சீனியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எடுக்கப்பிடாது சாறே. நாடகத்துல செஞ்சு தீத்தா நெசத்துல செய்யாண்டாம்.”

அவர் மனைவி தங்கம் அக்காவும் கடையில்தான் இருந்தாள். அவர் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை என்றும், சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறார் என்றும், நான் கடைப்படி இறங்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

சரஸ்வதி பூசை லீவில் வாசகசாலை மைதானத்தில் நாடகம். மைக் செட்டுக்காரனுக்கு இருட்டுவதற்குள் நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டும் என்பதால் நல்ல வெயிலிலேயே தொடங்கிவிட்டோம். ‘வீடு’ என்று வரைந்த திரைக்குப் பின்னால், அதில் வெட்டிய சன்னல் வழியாக நான் வசனம் எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது பொன்னையன் அண்ணனின் முதுகும், அதற்கப்பால் ஊர்ச் சனத்தின் முகங்களும்.

பலிக் காட்சி. அண்ணன் ஈரத்துண்டோடு உட்கார்ந்தார். மகனாக நடித்த தையல்காரன் வின்சென்ட் இலையைப் போட்டான். அப்போதுதான் ரேஷன் கடைக்காரர் மைதானத்துக்குள் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர் வீட்டில்தான் போன். நேராகப் பெண்கள் பக்கம் போய் தங்கம் அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, மேடையை நோக்கி நடக்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சேதி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முகமாக மலர்கிறது! கிழவிகள் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள், மறுபடியும் சிரிக்கிறார்கள். நாசமாய்ப் போக, என் நாடகம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார். குரலை இன்னும் உயர்த்தி உருக்கினார். அவர் உருக்க உருக்கச் சனம் இன்னும் சிரித்தது. அதற்குள் ஓரத்தில் நின்ற யாரோ என் காதிலும் வின்சென்டின் காதிலும் போட்டுவிட்டார்கள். சுனில் பம்பாயில் இறங்கிவிட்டான். போனில் பேசியிருக்கிறான்.

இப்போது அத்தனை பேருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. என் தந்திரம் என் கையை மீறி நின்றது. வசனம் எடுத்துக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். அண்ணனுக்கு அது தேவையும் படவில்லை. தோள் குலுங்க அழுதார். அது நடிப்பில்லை என்று முதுகைப் பார்த்தே சொல்லலாம். அழுதுவிட்டு இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்துத் தட்டினார். மைக் கட்டிய மைதானத்தில் காக்கை எங்கே வரும்? மறுபடியும் தட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“காக்கா வராது பொன்னையண்ணா. ஆளு உசுரோட உண்டு.”

நாடகத்துக்கும் அது பொருந்தத்தான் செய்தது. ஆகையால் அவர் அசையவில்லை. வின்சென்டுக்குத்தான் பொறுக்கவில்லை. தாடியைப் பிய்த்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணா, சுனில் வந்தாச்சு.”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, மைக்கில் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, “எலே, பேரு மணியாக்கும்” என்று திருத்தினார்.

மைக் அதையும் விடவில்லை. சனம் கொல்லென்று சிரித்தது. தங்கம் அக்கா எழுந்து நின்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் தலை அவள் பக்கம் திரும்பியது. முதுகு அப்படியே நின்றது. பிறகு குனிந்து, பரப்பிய அரிசியும் எள்ளும் வெளியே சிந்தாமல் இலையை மடித்தார். “திரைய இழுக்கச் சொல்லு சாறே” என்றார். நாடகத்தில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. இன்றுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

ஏன் உடனே சொல்ல விடவில்லை என்று தங்கம் அக்காவிடம் பின்னால் ஒருநாள் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். “வீட்டுல அவிய கரைய மாட்டாவ. அண்ணைக்காவது கரஞ்சு தீரட்டும்னு விட்டேன்.” நாடகம் பார்க்கிறவர்களைப் பற்றி நான் படித்தும் நினைத்தும் வைத்திருந்ததில் இது இல்லை. தெரிந்துகொண்டவர்கள் பதறத்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். தெரிந்தும் ஒருவரை அழவிட்டுக் காத்திருக்க முடியும் என்று அவள்தான் காட்டினாள்.

இப்போது அந்த மைதானம் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்தும் இடம். வாசகசாலையில் பத்திரிகை மட்டும் வருகிறது. அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. வின்சென்ட் தையல் மிஷினை விற்றுவிட்டு மகனோடு எங்கோ வடக்கே போனவன், அங்கேயே முடிந்துபோனான் என்று கேள்வி. தங்கம் அக்கா போன மழைக்காலத்தில் போனாள். எந்தச் சேதியும் இனி வரிசை வரிசையாக வராது. எல்லார் சட்டைப் பையிலும் ஒரே நேரத்தில் கிணுங்கும்.

விமானம் தரையைத் தொட்டதும் சுனில் போனை மடியில் வைத்தான். அவனுக்கும் நரைத்துவிட்டது.

“நான் வந்தாச்சுன்னு தெரிஞ்சப்போ அப்பாக்க முகம் எப்படி சாறே இருந்துது?”

இத்தனை வருஷமாக அவன் கேட்டதில்லை. அம்மை இருந்தபோது கேட்கத் தோன்றவில்லையாம். அன்று ஊரே பார்த்த முகத்தை நான் பார்க்கவில்லை மக்கா, நான் அவருக்குப் பின்னால் இருந்தேன் என்றேன். அவன் ஏமாந்தது தெரிந்தது. வறுவல் இருந்த காகிதத்தை எடுத்து, தூள் சிந்தாமல் அவர் அந்த இலையை மடித்ததுபோல மடித்துக் காட்டினேன். அவன் அதை வாங்கி, பிரிக்காமல், கையில் வைத்துக்கொண்டிருந்தான்.