இருபத்தைந்து அங்குல உயரத்தில் என் மனைவி

சென்ற வருடம் என் மனைவி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்த அன்று டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். எலும்பு மெலிந்திருக்கிறது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு உடையலாம் என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து குக்கரில் பருப்பு போட்டாள். நான் பயந்துபோனேன். படுக்கையிலிருந்து அடுப்படிக்கு அவளுக்கு இருபத்திரண்டு அடி. வழியில் இரண்டு மிதியடிகள். இரண்டையும் சுருட்டிப் பரணில் போட்டேன்.

அப்படிப்பட்டவளை உயரமான மர ஸ்டூலில் ஏற்றியவனும் நான்தான். அவளுடைய முழங்கால்கள் அடுப்பின் முன்னால் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாலோ, எழுப்பிவிட ஆள் வேண்டும். அவளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்தான் வழி சொன்னார். பார்களில் போட்டிருப்பார்களே அந்த மாதிரி ஸ்டூல் வாங்குங்கள், பாதி நிற்கிறமாதிரி உட்கார்ந்தே சமைக்கலாம், இறங்குவதும் சுலபம் என்றார்.

"நல்லா இருக்கு. இந்த வயசுல என்ன பார்ல உக்கார வெக்கப் போறீங்க," என்றாள் மனைவி.

அல்சூரில் எங்கள் ஃப்ளாட்டின் சமையல் மேடை முப்பத்தைந்து அங்குல உயரம். மூன்று இடங்களில் அளந்தேன். உட்காரும் பலகைக்கும் மேடைக்கும் நடுவே பத்து அங்குலம் இருந்தால் தொடை இடிக்காது, கையும் எட்டும். ஆக, ஸ்டூல் இருபத்தைந்து அங்குலம். சிவாஜிநகர் பக்கம் ஒரு மரச்சாமான் கடையில் பதினொரு ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். சுழல்கிறவற்றை உடனே ஒதுக்கினேன். மூன்று கால் ஸ்டூல்களைத் தொடவே இல்லை. கால்கள் கீழே போகப்போக அகன்றிருக்க வேண்டும், பாதம் வைக்கக் குறுக்குச் சட்டம் வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும்.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "எல்லாத்துலயும் உக்காந்தாச்சு. கடைக்காரரு மடி ஒண்ணுதான் பாக்கி. அதையும் பாத்துட்டு வாங்க, கெளம்பலாம்."

"இருக்கட்டும்மா, சார் ஸ்வல்ப டைம் எடுத்துக்கட்டும்," என்று கடைக்காரர் கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒரு நாற்காலியை எனக்கும் தனக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேக்கில் இரண்டு வாங்கினோம். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொள்ள எனக்கு. ஒவ்வொன்றிலும் எட்டுத் திருகாணிகள், மொத்தம் பதினாறு. மரச்சாமானுக்குத் திருகாணி தளரும் என்று தெரியும். தளர்ந்த பிறகு முடுக்குகிறவனாக நான் இருக்க விரும்பவில்லை. தினமும் காலைக் காப்பி குடித்ததும் ஸ்டூல்களைக் கவிழ்த்துப் போட்டு, பதினாறையும் திருப்புளியால் கால் சுற்று முடுக்கினேன். அதற்குப் பிறகே அவள் அடுப்படிக்குள் வரலாம்.

ஒன்பதாம் நாள் அவளுடைய ஸ்டூல் லேசாக ஆடியது. அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். வேலைக்கு வரும் பெண் இரண்டு வாளி ஊற்றித் தள்ள, மனைவி கட்டிலில் கால் தூக்கி வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பாள். ஸ்டூலின் கால்கள் அரை மணி நேரம் ஈரத்தில் நின்றன. இதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

"இனிமே ஈரத்துணியால தொடச்சா போதும். உன் இடுப்பா, வெள்ளிக்கெழமையா?"

"வெளக்கேத்தற எடத்த வெறுமனே தொடச்சு விடுவாங்களா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வரும் பெண்ணிடம் வாளிகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள்.

நான்கு வெள்ளிக்கிழமைகள் தண்ணீர் இல்லாமல் போயின. ஸ்டூலின் ஆட்டம் கூடிக்கொண்டே வந்தது. நானும் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று கூட்டினேன். சில திருகாணிகள் எத்தனை சுற்றினாலும் நிற்காமல் சுழன்றன. மரத்துக்குள் ஈரம் ஏறிவிட்டது என்று எண்ணினேன். உட்கார வேண்டாம் என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை. நின்றால் கால் மடங்கி விழுந்துவிடுவாளோ என்று அதற்கும் பயம்.

நாற்பத்து மூன்றாம் நாள் சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் மரக்குழவியை எட்டித் தள்ளியபோது ஸ்டூலின் ஒரு கால் வெளிப்பக்கம் சரிந்தது. அவள் இரண்டு கைகளாலும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். குழவி உருண்டு விழுந்த சத்தத்தை அவள் விழுந்த சத்தம் என்றே நினைத்தேன். ஹாலிலிருந்து ஓடிப்போய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன்.

"விடுங்க, நான் விழல. நீங்கதான் இப்ப என்னத் தள்ளிடப் போறீங்க," என்றாள். அவள் கை மேடையை விடவில்லை.

அன்று மாலையே ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு கார்ப்பெண்டர் வந்தார். செய்தித்தாளை விரித்து ஸ்டூலைக் கவிழ்த்தார். ஒரு திருகாணியை வெறும் விரலாலேயே உருவினார். கூடவே மரத்தூள் மஞ்சளாகக் கொட்டியது.

"யாரு சார் இத முடுக்கினது?"

மனைவி மோவாயால் என்னைக் காட்டினாள்.

"எத்தன தடவ?"

"நாப்பத்தி மூணு நாள். மொதல்ல கால் சுத்து, அப்புறம் கொஞ்சம் கூட."

அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். "பதினஞ்சு சுத்துக்கு மேல வருது சார்! மரம் என்ன பண்ணும், பாவம். ஸ்க்ரூ உள்ள பூரா தின்னுடுச்சு."

"தண்ணி பட்டதுனாலதானே?" என்று கேட்டேன்.

"தண்ணியா? காலு அடியில இத்தினிக்கூண்டு கறுத்திருக்கு, அவ்ளோதான். தேக்கு சார் இது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நாலு வெள்ளிக்கெழம. அதையும் எண்ணி வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவருக்குக் காப்பி கலந்தாள்.

அவர் தேக்குச் சிம்புகளைச் சீவி, பசை தடவி, இரண்டு ஸ்டூல்களின் ஓட்டைகளிலும் அடித்து இறக்கினார். புதுத் திருகாணிகள் போட்டார். கால்களுக்கு அடியில் ரப்பர் மாட்டினார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது. தண்ணி தாராளமா ஊத்துங்கம்மா, ஒடனே தொடச்சிடுங்க. மாசம் ஒரு தடவ கையால ஆட்டிப் பாருங்க, ஆடினா மட்டும் முடுக்கினா போதும். சார் வேணாம், நீங்க பாருங்க."

அவள் அப்போதே கையை நீட்டினாள். திருப்புளியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவள் ஏறுவதற்கு முன்னால் நானே ஏறி உட்கார்ந்தேன். என் எடை அறுபத்தொன்பது கிலோ, அவளைவிடப் பதினொன்று அதிகம். வலப்பக்கம் சாய்ந்தேன், இடப்பக்கம் சாய்ந்தேன். ஸ்டூல் அசையவில்லை. நூறுவரை எண்ணிய பிறகும் எனக்கு இறங்க மனம் வரவில்லை. நான் இறங்கினால் அவள் ஏறிவிடுவாள்.

"எறங்குங்க, மாவு காயுது," என்றாள்.

இறங்கினேன். அவள் ஒரு கையை மேடையில் ஊன்றி, சட்டத்தில் பாதம் வைத்து, ஏறி உட்கார்ந்தாள். நான் முதுகுப்பக்கம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "ஹால்ல போய் உக்காருங்க. நீங்க நிக்கற நிழல் மாவுல விழுது," என்றாள்.

ஹாலுக்குப் போனேன். பலகையில் குழவி உருளும் சத்தம் சீராக வந்தது. எட்டுச் சப்பாத்திகளுக்கு மாவு பிசைந்திருந்தாள். நான்காவது முடிந்ததும் சத்தம் நின்றது. எழுந்து அடுப்படி வாசல்வரை போய்விட்டேன். அவள் உட்கார்ந்தபடியே கைக்கு மாவு தொட்டுக்கொண்டிருந்தாள்.