டெல்மர் கோவலின் நாற்பத்தொரு நொடி

டெல்மர் கோவல் பன்னிரண்டு வருடமாக ஐஸ் ஹாக்கி ஆடிச் சோறு தின்கிறவன். ஆனால் அது கீழ் லீக் சோறு. பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே முழித்து, பாதி காலியான அரங்குகளில் ஆடி, முன்பல் மூன்றைத் தொலைத்துச் சம்பாதித்த சோறு. மேல் லீக்கில் ஒருத்தன் காலை உடைத்துக்கொண்டால் அந்த இடத்துக்குக் கீழேயிருந்து ஒருத்தனைக் கூப்பிடுவார்கள். டெல்மரோடு ஆடியவர்களில் நாற்பத்து மூன்று பேர் அப்படி மேலே போயிருந்தார்கள். அவனை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை.

திறமையில் குறையில்லை என்று சொன்னால் அது பொய். அவனுக்கு வேகம் கிடையாது, கோல் போட வராது. அவன் பனியில் திரும்புவதைப் பார்த்தால் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி இருக்கிறது என்று கட்டின பெண்டாட்டி நோரீனே சொல்லுவாள். அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிராளி ஓங்கி அடிக்கிற வட்டுக்கு முன்னால் போய் விழுவான். அந்த வட்டு ரப்பர்தான் என்றாலும் உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். வந்து பட்டால் கல் பட்டது போலத்தான். விலா, விரல், முழங்கால் என்று உடம்பில் அடிபடாத எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யார் எப்போது கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான். "வலிக்குதா?" "இல்ல." தாடை உடைந்து வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தபோதுகூடத் தலையை ஆட்டி 'இல்லை' என்றானே, அவனை என்ன சொல்வது! வலிக்கிறது என்று சொன்னவனின் இடத்தில் மறுநாள் வேறொருத்தன் நிற்பான் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, வலிக்குதுன்னு சொல்லேன். உன் தலையா போயிடும்?" என்று நோரீன் ஐஸ் பையை அவன் முழங்காலில் வைத்துக் கட்டியபடி சண்டை போடுவாள்.

"வலிச்சாத்தானே சொல்ல?" என்பான்.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது நடந்த ஜனவரியில் ஒரு நாள் காலைப் பயிற்சியின்போது கோச் கூப்பிட்டு, "மூட்டையைக் கட்டு கோவி. மேலேருந்து போன் வந்துது," என்றார். மேல் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. சரியாகும்வரை ஒரு ஆட்டத்துக்கு ஆள் வேண்டும். முப்பத்து மூன்று என்பது வேறு வேலையில் இளவயது. ஹாக்கியில் அது கிழம். டிரெஸ்ஸிங் ரூமில் இருபது வயசுப் பையன்கள் மட்டையால் தரையைத் தட்டி அமர்க்களம் பண்ணினார்கள்.

"பெரிசு, அங்க போய் ஊன்றுகோல் கேக்காத. மட்டை குடுப்பாங்க, அதையே ஊனிக்கோ!"

டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர்கள் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அப்பா ஒரெஸ்ட் கோவல் கோதுமை விவசாயி. செய்தி கேட்டதும் கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியிலிருந்து அந்த நகரத்துக்கு ஒன்பது மணி நேரம் டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. டப்பாவில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை, பிளாஸ்கில் காபி, சட்டைப்பையில் கொறிக்கச் சூரியகாந்தி விதை.

முதல் முறையாக மேலே வருகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள எல்லாரும் பனியில் இறங்க வேண்டும். அன்றைக்கு மட்டும் மற்றவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டு புதியவனைத் தனியாக ஒரு சுற்று சுற்ற விடுவார்கள். தலைக்கவசம் இல்லாமல், ஊரே பார்க்க. வாழ்நாளில் ஒரு முறைதான் அந்தச் சுற்று. டெல்மரும் சுற்றினான். பதினெட்டாயிரம் பேர் கைதட்ட, நரைத்த தலையும் பொக்கை வாயுமாக, நாற்பத்தாறாம் எண் சட்டையில் சுற்றினான். நாலாவது வரிசையில் அப்பா எழுந்து நின்று தொப்பியை ஆட்டினார்.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடம், அவன் முறை வந்தது. ஒரு காலைத் தூக்கிப் பலகைச் சுவரைத் தாண்டப் போட்டான். அதற்குள் நடுவர் விசில் ஊதிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"நாப்பத்தாறு இறங்கக் கூடாது. பேர் தாள்ல அடிச்சிருக்கு."

ஆட்டத்துக்கு முன்னால் அணியின் மொத்தப் பெயரும் அச்சடித்த தாளில், ஆடாதவர்களின் பெயரைப் பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். துணைக் கோச் மார்ட்டன் ஹேல் அவசரத்தில் ஒரு வரி தப்பி அடித்துவிட்டார். தொடை பிடித்து வீட்டில் படுத்திருந்த நாற்பத்தேழாம் எண்காரன் ஆடலாம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கோவல் ஆடக் கூடாது! ஆட்டம் தொடங்கிவிட்டால் தலைகீழாக நின்றாலும் தாளைத் திருத்த முடியாது. பனியில் கால் வைக்காதவனுக்கு ஆட்டம் கணக்கிலும் ஏறாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இங்கே எட்டாமல் செய்தது ஒரு பேனாக்கோடு.

ஹேலின் முகம் வெளுத்துவிட்டது. "கோவி... ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு டெல்மர் உள்ளே போனான். டிரெஸ்ஸிங் ரூமில் ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் கூச்சலைக் கேட்டுக்கொண்டு ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தான். எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கவில்லை. மட்டையில் சுற்றியிருந்த பழைய டேப்பைப் பிரித்து, புது டேப் சுற்றினான்.

கார் நிறுத்துமிடத்தில் அப்பாவும் மகனும் டிரக்கில் உட்கார்ந்து ஆறிப்போன பெரோகி தின்றார்கள்.

"தப்பு என் மேலதான்," என்றார் ஒரெஸ்ட். "நீ ஆடுற எந்தப் பெரிய ஆட்டத்துக்கும் நான் உள்ள வந்து உக்காந்ததில்ல. இன்னிக்கு உக்காந்தேன். விளங்கலை."

"ஒரு ஆளு கோட்டை மாத்திப் போட்டதுக்கு நீ என்னப்பா பண்ணுவ?"

"உனக்குத் தெரியாதுடா. வலிக்குதா?"

"இல்ல."

மறுநாள் தொடைக்காரன் தேறிவிட்டான். டெல்மர் கீழே திரும்பினான். பையன்கள் விட்டுவிடுவார்களா? "பெரிசு மேல போய் ஊர்வலம் வந்திருக்காரு! சாமி மாதிரி, சுத்தினதோட சரி!" டெல்மரும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து எந்த ஆட்டமானாலும், இருநூறு பேர் பார்க்கிற ஆட்டமானாலும், பெயர்த்தாளைத் தன் கண்ணால் பார்க்காமல் அவன் ஸ்கேட் நாடாவைக் கட்டினதில்லை.

கோடைக்காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி டிராக்டர் டயரைச் சரளைச் சாலையில் இழுத்துக்கொண்டு ஓடினான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வண்டியை நிறுத்தி, "ஏம்ப்பா, மாடு வாங்க வக்கில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மையோ பொய்யோ, அடிக்காமல் இருந்தால் நிச்சயம் நகராது. அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

முப்பத்தைந்தாம் வயதில் கீழ் அணியே அவனைத் துணைக் கோச்சாகக் கேட்டது. நல்ல வேலை, எலும்பு உடையாத வேலை. ஆனால் சீசன் முடிந்ததும் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் பதில் சொல்வதாகச் சொன்னான்.

"அதுக்குள்ள மேலேருந்து கூப்பிடலேன்னா?" என்று கேட்டாள் நோரீன்.

"கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டியும் சரி, மறுநாள் சரின்னு சொல்லிடறேன். ஆனா அதுவரைக்கும் நான் ஆட்டக்காரன்."

சீசனின் கடைசி வாரத்தில், ஏப்ரல் மாதம், போன் வந்தது.

"கோவி, ஹேல் பேசறேன். மூணு பேர் ஒரே நேரத்துல படுத்துட்டாங்க. நாளைக்கு மத்தியான ஆட்டம். கடைசி ஆட்டம். வா. இந்தத் தடவை பேனாவை உன் கையிலயே குடுத்துடறேன்."

குடுக்கவும் செய்தார். டெல்மர் தாளை வாங்கி, நாற்பத்தாறாம் எண் வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தான். கோடு இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தான். பனியில் இறங்கும் வாசலில் அணித் தலைவன், "போன தடவை கணக்குல வராது. போ, தனியா இன்னொரு சுத்து சுத்திட்டு வா," என்று வழிவிட்டான்.

"சுத்தினது சுத்தினதுதான். எல்லாரும் வாங்க," என்று அவன் தோளைத் தட்டி மற்றவர்களோடு இறங்கினான் டெல்மர். சுற்றுவதற்கா அவன் வந்தான்?

ஆனால் அன்று ஜெயித்தால்தான் அந்த அணிக்கு அடுத்த சுற்று. அப்படிப்பட்ட ஆட்டத்தில் வேகமில்லாத கிழவனை இறக்க எந்தக் கோச்சுக்குத் துணிச்சல் வரும்? முதல் பகுதி போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவது பகுதியில் நாலு நிமிடம் பாக்கி. இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை. அந்த நேரம் பார்த்து அணியில் இரண்டு பேர் தப்பாட்டம் ஆடித் தண்டனைப் பெட்டிக்குப் போனார்கள். பனியில் எதிரணிக்கு ஐந்து பேர், இவர்களுக்கு மூன்றே பேர்.

கோச் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். டெல்மர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

"வட்டுக்கு முன்னால விழறதுக்கு இவனை விட்டா ஆள் கிடையாது," என்றார் ஹேல், கோச்சின் காதில்.

"போ."

பலகையைத் தாண்டினான். இந்தத் தடவை யாரும் விசில் ஊதவில்லை. வட்டு கைமாறி, கைமாறி, பனியில் குறுக்கே போட்டிருந்த நீலக்கோட்டருகே நின்ற ஒரு தடியனிடம் போனது. அவன் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கினான். டெல்மருக்கு அது நன்றாகத் தெரிந்த காட்சி. குறுக்கே பாய்ந்தான். வட்டு வலது கணுக்காலில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்ததை அவன் உணர்ந்தான். வட்டு இன்னும் காலடியில்தான் கிடந்தது. ஒற்றைக் காலில் எழுந்து, மட்டையால் அதை அந்தக் கோடி வரைக்கும் தள்ளிவிட்டு, அந்தக் காலிலேயே பெஞ்சுக்கு வந்து விழுந்தான். நாற்பத்தொரு நொடி.

வைத்தியர் கத்தரியோடு ஓடிவந்தார். "காலணியை அறுக்கணும்."

"ஆட்டம் முடியற சங்கு ஊதட்டும்."

சங்கு ஊதியது. ஜெயித்தார்கள்.

ஊன்றுகோல் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அப்பாவின் டிரக் அங்கே நின்றது. ஒன்பது மணி நேரம் ஓட்டிவந்த மனுஷன் அரங்குக்குள் காலெடுத்து வைக்கவில்லை. டிக்கெட் சட்டைப்பையில் கிழியாமல் இருந்தது. ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காகிதக் கோப்பை நிறைய விதைத்தோல்.

"உள்ள வரலாமேப்பா?"

"வந்தா விளங்குமா?" ஒரெஸ்ட் கதவைத் திறந்து, மகனின் காலைத் தூக்கி மெதுவாக உள்ளே வைத்தார். "உன் பேரை ரெண்டு தடவை சொன்னான்டா ரேடியோவுல. ரெண்டு தடவை." மூக்கை உறிஞ்சிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வலிக்குதா?"

'இல்ல' நாக்கு நுனிவரை வந்தது. டெல்மர் அதை விழுங்கினான். நாளைக்கு அவன் இடத்தில் யார் நின்றால் என்ன?

"ரொம்ப வலிக்குதுப்பா. உயிர் போவுது," என்றான். சொல்லிவிட்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்தான். "போனை எடு. நோரீன்கிட்டயும் சொல்லணும்."