ஒலி நின்ற இரண்டு நிமிடங்கள்

நான் எழுதிப் பழகியவள் அல்லேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும். ஆயினும் இது என் கண்முன் நடந்தது என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்கள் இதை ஒரு முறையேனும் வாசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அங்கே எனக்கு அது மூன்றாவது வாரம். பட்டப்பகல். நான்காம் படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர் மயக்க மருந்தில் கிடந்தார். அவருக்காக வென்டிலேட்டர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மதியம் 2.10. அலாரம். ஓடினேன். காற்றுக்குழாய் அவர் தோளருகே மடிந்திருந்தது. நீவிவிட்டேன்.

2.19. மறுபடியும் அலாரம். அதே இடத்தில் அதே மடிப்பு. அவர் விரல்கூட அசைந்திருக்கவில்லை.

மருந்துத் தட்டுடன் கடந்துபோன மூத்த செவிலியரை நாங்கள் அக்கா என்றே அழைப்போம். அவர் சிரித்தார்.

"என்னடி, நாலாம் நம்பர் உன்னை உட்காரவே விடமாட்டேங்குறாரா? அலுத்துப்போய் சத்தத்தை மட்டும் அமுக்கிடாத. எழுந்து போய் ஆளைப் பாரு."

"சரிக்கா."

2.26. மூன்றாம் முறை. குறிப்பேட்டில் பாதி வரியில் இருந்தேன். மேசையில் இருந்தபடியே, அங்குள்ள அலாரம் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிடம் ஒலி நிற்கும். எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று எண்ணினேன்.

அமைதி…

நான்காம் படுக்கையின் திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய பெண்குரல்.

"அணைச்சிட்டியா?"

"ஆமாக்கா."

வாசல் பக்கமிருந்து அக்கா கேட்டார். "யார்கிட்டடி பேசுற?"



திரையை விலக்கினேன். யாருமில்லை. ஆக்சிஜன் 71. உதடுகள் நீலம்.

குழாய் இம்முறை மடிந்திருக்கவில்லை… யாரோ கைக்குள் இறுக்கிப் பிடித்ததுபோல் நசுங்கியிருந்தது. இழுத்தேன். அசையவில்லை.

கையால் காற்றடிக்கும் பையை எடுக்க அக்கா ஓடினார். என்ன தோன்றியதோ, நான் அலாரத்தைத் திரும்பப் போட்டேன்.

டிங்… டிங்… டிங்…

குழாய் தானாகத் தளர்ந்தது.

74… 80… 91.

ஐந்தாம் நாள் அவருக்குக் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் பேசினார்.

"சிஸ்டர், உங்ககூட ஒரு அம்மா இருப்பாங்களே… என் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, மேசையில இருந்த உங்க கையையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க."

அவர் பார்வை அறையின் மறுகோடிக்குப் போனது.

"இப்போ ஏழாம் பெட்ல நிக்கிறாங்க."

ஏழாம் படுக்கையில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பினேன்.

அன்று காலை பணியில் சேர்ந்த பெண், குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமலே, விரலை நீட்டினாள்.

சத்தம் நின்றது.