மரியாதையில் ஒரு மர்மம்

அன்றைக்குத் திங்கட்கிழமை. சாயங்காலம் என் மகள் மித்ரா அழுதுகொண்டே வீட்டுக்குள் வந்தாள். கீழே விழவில்லை. யாரும் அடிக்கவில்லை. பொம்மை எதுவும் உடையவில்லை.

“என்னடா ஆச்சு?”

“செல்வி அத்தை என்னை ‘வாங்க பாப்பா’ன்னு கூப்பிட்டாங்கப்பா...”

வாங்க என்று கூப்பிட்டால் பெருமைப்படத்தானே வேண்டும்? நாலரை வயதில் எனக்கெல்லாம் யார் இந்த மரியாதை கொடுத்தார்கள்? ஆனால் மித்ரா தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுததுதான் சரி என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். சந்தேகம். பிறவிக் கோளாறு. ஹோட்டலில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனைக் குடும்பத்தோடு பெரம்பூரிலிருந்து பெயர்த்து எடுத்து, திருப்பூரில் வேலம்பாளையம் தாண்டி ஒரு லே-அவுட்டில் நட்டுவிட்டார்கள். நட்டது என் மனைவி நித்யா. இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்கு மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. எனக்கு லேப்டாப் இருந்தால் போதும், எந்த ஊரும் ஆபீஸ்தான். பள்ளிக்கூடம் திறக்கும் நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தோம்.

லே-அவுட்டின் பெயரில் ‘கார்டன்’ இருக்கிறது. மரம் இல்லை. வாசலில் பெரிய ஆர்ச், உள்ளே ஒரே மாதிரி வீடுகள், நடுவே ஒரு ஊஞ்சல். நல்ல தண்ணி எப்போது வரும் என்பது அந்தக் கடவுளுக்கும் வால்வு திறப்பவருக்கும் மட்டுமே தெரியும்.

சென்னையில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்குத் தெரியாது. லிஃப்டில் பார்த்தால் இரண்டு பேரும் மொபைலைப் பார்ப்போம். அவ்வளவு நல்ல உறவு!

இங்கே? லாரியிலிருந்து கட்டிலைக்கூட இறக்கவில்லை... பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு போசி நிறைய சாம்பாரோடு வந்து நிற்கிறார்.

“ஏனுங்க... இன்னைக்குச் சோறாக்க நேரமிருக்காதுங்க. இத உண்டுக்கோங்க. ஏதாச்சும் வேணும்னாக் கூப்புடுங்க சார், பக்கத்துலதானுங்க இருக்கறோம்.”

எண்ணிப் பாருங்கள், எத்தனை ‘ங்க’! சென்னையில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, இன்சூரன்ஸ். இல்லையென்றால், மனை விற்பனை.

“அவங்களுக்கு நம்மகிட்ட என்ன வேணுமாம்?” என்று நித்யாவிடம் கேட்டேன்.

“போசியைத் திருப்பிக் குடுத்தாப் போதுமாம்” என்றாள்.

அவர்தான் செல்வி. வீட்டின் பின்பக்கமே ஒரு ஷெட் போட்டு பவர்டேபிள் நடத்துகிறார்கள். அதாவது, கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். அவரும் கணவர் தங்கவேலும், கூட நாலைந்து டெய்லர்களும். அவர்களுக்கு மித்ரா வயதில் ஒரு மகள், தாரணி.

சாம்பாரோடு நிற்கவில்லை. மூலனூரில் அண்ணன் தோட்டத்து முருங்கைக்காய் வந்தது. காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. வீடு துடைக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வந்தது. நான் எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். மூட்டையைப் பிரித்து உதறினேன். முருங்கைக்காயில் சந்தேகப்பட வழியில்லை, அதனால் சாப்பிட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தை என்னாலும் மறுக்க முடியவில்லை. புது ஊருக்கு வந்த நாளிலிருந்து மித்ரா சரியாகப் பேசவே இல்லை. ஸ்கூல் வேனில் ஏறும்போது அழுகை. திரும்பி வந்ததும், சொந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு, “எப்பப்பா நம்ம வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நித்யா சமையலறைக்குள் போய்விடுவாள். நான் டிவி போடுவேன். குழந்தையை வேரோடு பிடுங்கிவிட்டோமோ என்று இருவருக்கும் உள்ளுக்குள் பயம், ஆனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தக் கேள்வியை நிறுத்தியது தாரணிதான். வேன் வரும் நேரத்தில் எனக்குத் தினமும் ஆன்லைன் மீட்டிங். செல்வியே இரண்டு குழந்தைகளையும் இறக்கிக் கூட்டிப்போக ஆரம்பித்தார். தோசை, ஊஞ்சல், வெட்டுத் துணியில் பொம்மைக்குச் சட்டை... மித்ராவுக்குச் சிரிப்பு திரும்ப வந்தது. ஒரு மாதத்தில் ‘சார்’ நான், ‘ங்ணா’ ஆனேன், அதாவது அண்ணன். மித்ராவுக்கு ‘ங்க’ முழுசாக உதிர்ந்துபோய், “வா சாமி”, “உண்ணு கண்ணு” என்று ஆகிவிட்டது.

நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்க விட்டதா என் புத்தி?

ஒருநாள் மித்ரா வந்து சொன்னாள். “அப்பா, செல்வி அத்தை என்னை இன்ச் டேப் வெச்சு அளந்தாங்க. இங்க... இங்க... இங்க. அப்பாகிட்ட சொல்லக் கூடாதாம்.”

அடுத்தவர் பிள்ளையை எதற்கு அளக்க வேண்டும்? அதை எதற்கு மறைக்க வேண்டும்?

மறுநாளே அடுத்தது. துணி உலர்த்த மாடிக்குப் போனேன். கீழே செல்வி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்ணா... சனிக்கெழம வெடியால தாட்டி உட்டர்றனுங்ணா. மெட்ராஸ் பாப்பாவையும் சேத்துத்தானுங்ணா. அவங்கப்பங்கிட்ட அப்பறமாச் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னாப் பயந்துக்குவாரு.”

தாட்டி விடுவது என்றால் என்ன? இத்தனை வருஷமாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற வார்த்தைகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தட்டிவிடுவது, தள்ளிவிடுவது, தாக்குவது... ஒன்றுகூட நல்ல வார்த்தையாக இல்லை. நித்யாவுக்கு போன் போட்டேன். ஷிப்மென்ட் டென்ஷனில் இருந்தாள். “தாட்டியாவது பூட்டியாவது... அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

அப்பனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பயந்துவிடுவான். குழந்தையை அளந்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை நேரம் குறித்தாகிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போய்க் கேட்டிருப்பீர்கள். நான் கேமரா மாட்டினேன்.

மாட்ட வந்தவர் ஏணியில் நின்றபடி கேட்டார். “எந்தப் பக்கமுங்க சார் திருப்பறது?”

கண்ணால் காட்டினேன்.

“அது செல்வியக்கா ஊட்டுக் கேட்டுங்களே?”

“ரோடு தெரியணும்.”

“ரோடு அந்தப் பக்கமுங்க சார்.”

“பரவாயில்லை, இந்தப் பக்கமே இருக்கட்டும்” என்றேன். அந்தப் பக்கமே திருகி மாட்டிவிட்டு இறங்கினார். அவர் தங்கவேலின் பங்காளி என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு சொந்தம்.

வெள்ளிக்கிழமை செல்வியைப் பார்த்து, “இனிமே வேன்ல இருந்து மித்ராவை நானே இறக்கிக்கறேங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலே கேமராவைப் பார்த்தார்.

“சரிங்க சார்” என்றார்.

‘ங்ணா’ திரும்ப ‘சார்’ ஆனதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிப்பதுதானே என் வழக்கம்.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. தாரணி புதுப் பாவாடை சட்டையில், தலை நிறையப் பூவோடு, பொம்மை மாதிரி இருந்தாள். எங்கள் கேட்டுக்கு உள்ளே மித்ரா, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“மித்ரா வல்லியாம்மா?”

“அவங்கப்பா தாட்டி உட மாட்டாங்களாமா. நீ ஏறு கண்ணு.”

கார் போய்விட்டது. எனக்குள் எதுவோ இடித்தது. தாட்டி விட மாட்டேன் என்கிறவன் நானா? அப்படியென்றால் நான் நினைத்த அர்த்தம் எங்கேயோ உதைக்கிறதே!

அன்றைக்கும் நித்யாவுக்கு வேலை. சேம்பிளிங் செக்‌ஷனில் ஒரு மூலனூர்க்கார டெய்லர் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அந்த செக்‌ஷனே மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்ததாம். வீட்டுக்கு வந்து, ஹேண்ட்பேகைக்கூட இறக்காமல் சொன்னாள்.

“தாட்டி விடறதுன்னா அனுப்பி வைக்கிறது. அவ்வளவுதான். அவங்க அண்ணன் ஊர்ல நோம்பி. நோம்பின்னா திருவிழா. நம்ம பொண்ணையும் கூட்டிட்டுப் போகணும், நம்மகிட்ட கடைசி நேரத்துல சொல்லிக்கலாம்னு நினைச்சிருக்காங்க. அந்த இன்ச் டேப்பு எதுக்குன்னு நானே சொல்லணுமா?”

தாரணியின் புதுப் பாவாடை என் கண் முன்னால் வந்து நின்றது. நித்யா ஜன்னல் வழியாக வெளியே அண்ணாந்து பார்த்தாள்.

“அதை எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கே?”

அவளே ஏணி போட்டு ஏறித் திருப்பினாள்.

திங்கட்கிழமை, எதுவும் நடக்காதது மாதிரி மித்ராவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். செல்வி கதவைச் சாத்தவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. “வாங்க பாப்பா. உள்ள வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். சாமி இல்லை. கண்ணு இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன அழுகை இதுதான். அழுதுகொண்டே மித்ரா ஒரு கேள்வி கேட்டாள். “நான் என்னப்பா தப்பு பண்ணேன்?”

அந்த நிமிஷம் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று, இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே வீட்டையும் பூட்டிவிட்டேன். அளவுக்கு மீறி மரியாதை கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கையில் தப்பில்லை. முதலில் வந்த ‘ங்க’வைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டியது இரண்டாவதாக வந்த ‘ங்க’வை அல்லவா!

உடனே ஷெட்டுக்குப் போனேன். செல்வி மெஷினில் இருந்தார்.

“வாங்க சார். உக்காருங்க சார்.”

“அது வந்துங்க... அந்தக் கேமரா...”

“அதுக்கென்னங்க சார்? உங்க ஊடு, உங்க கேமராங்க.”

“குழந்தைன்னதும் ஒரு பயம்...”

“பயந்துக்க வேண்டீதுதானுங்க. காலம் அப்புடிங்க.”

ஒவ்வொரு வாக்கியமும் ‘ங்க’ என்று முடிந்தது. ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மரியாதைக்கு எப்படிப் பதில் சொல்வது?

அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். “அளவெடுத்துத் தச்சுப்போட்டனுங்க. வெச்சிருந்து நான் என்ன பண்றதுங்க?” உள்ளே நீலப் பாவாடை, மஞ்சள் சட்டை. தாரணி போட்டிருந்த அதே ஜோடி.

கவரை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. திரும்பினேன்.

“என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. மித்ராவை மட்டும் வாங்க போங்கன்னு கூப்பிடாதீங்க. அழறா.”

செல்வியின் கை துணியில் அப்படியே நின்றது.

“பாப்பா அழுவுதா?”

“நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்கறா.”

அவ்வளவுதான். மெஷினை அணைக்கவில்லை. செருப்புப் போடவில்லை. என்னை இடித்துத் தள்ளாத குறையாகத் தாண்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கேட்டுக்கு ஓடினார். “ஏ சாமி! எங்க கண்ணு இருக்கற? உம்மேல எனக்கென்ன கோவம்? இங்க வா... வான்னு சொல்றன்ல!” என்று அவர் போட்ட சத்தத்தில் லே-அவுட்டே எட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த மித்ரா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வி முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது மித்ரா பாதி நேரம் அந்த வீட்டில்தான். சோறு உண்டியா என்று என்னைக் கேட்கிறாள். வெட்டுத் துணியில் பொம்மைகளுக்கு ஒரு கம்பெனியே நடக்கிறது. அடுத்த நோம்பிக்கு அவளைத் தாட்டி விடுவதாக நித்யா வாக்குக் கொடுத்திருக்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்று மித்ராவைக் கூப்பிடப் போனேன். “இரு சாமி, இந்த வாய் உண்டுட்டுப் போவியாமா” என்று அவளிடம் சொன்ன செல்வி, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க சார். உக்காருங்க சார். காப்பி குடிக்கறீங்களா சார்?”

மகளுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது... எனக்கு மட்டும் இன்னும் மரியாதைதான்!