மூன்று மாதம் பேசாதவன்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தேன். விருந்தாளிகள் முன்னால் நான் அளந்த ஒரு பொய்யை என் மனைவி கமலம் திருத்திவிட்டாள். அந்தக் கோபத்தில் மூன்று மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் ஒரு சிங்கள நண்பர், உடப்புசல்லாவைக் காட்டிலிருந்த பௌத்த தியான மடத்துக்கு என்னை அழைத்துப் போனார். பத்து நாள் யாரோடும் பேசக்கூடாது, யார் முகத்தையும் பார்க்கக்கூடாது. எனக்கா கஷ்டம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளே மூச்சு முட்டியது. வெளியே மூடுபனி, உள்ளே ஒரு பாயும் நான்கு சுவரும். மூன்றாம் நாள் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தேன். ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தரையைப் பார்த்தபடியே போய்விட்டார். 'அடிபட்டதா?' என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை பையோடு பெரிய பிக்குவிடம் போனேன். அவருக்குத் தமிழ் தெரியும். "ஏன் போறீங்க?" என்று கேட்டார்.

"ஒரே கூரைக்குக் கீழ இருந்துகிட்டு யாரும் நம்மள ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கிறாங்க சாமி. என்னால தாங்க முடியல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. இங்கே இருப்பவர்கள் விரும்பி வந்தவர்கள். கமலத்தை யாரைக் கேட்டு நான் மூன்று மாதம் இந்த மௌனத்துக்குள் அடைத்தேன்?

வீட்டுக்குள் நுழைந்ததும், "கமலம், தப்பு என்மேலதான்" என்றேன்.

"மூனு மாசமா செவுத்துகூடதாங்க பேசிக்கிட்டிருந்தேன்" என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகும் நாங்கள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் வாய்விட்டே போட்டோம்.