கூறைப்புடவையின் மறுமுனை

ஊமைப் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்பவர்கள் மைதிலியின் சொந்தக்காரர்களைப் பார்த்ததில்லை. அவளைக் கண்டால் அவர்கள் வாய் அசையும். சத்தம் மட்டும் வராது. வருடக்கணக்காக இந்தப் படம் ஓடுகிறது.

அவள் செய்த குற்றம், கணியூரில் கட்டிக்கொடுத்த புருஷனை விட்டு ஒரு டெய்லரோடு திருப்பூருக்குப் போனது. டெய்லர் சீக்கிரமே இன்னொருத்தியோடு போனான். ஆண்பிள்ளையின் படத்துக்குச் சத்தம் உண்டு; ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்து எல்லோரையும் வரவேற்பது இன்றைக்கும் அந்த டெய்லர்தான்.

மைதிலி திருப்பூர் ராயபுரத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பட்ட மெஷின் எண்ணெய்க் கறையை எடுக்கிறாள். இந்த உத்தியோகத்தைக் கொடுத்தது விதியா, மேனேஜரா என்று ஆராய நமக்கு அவகாசமில்லை.

ஒருநாள் அவள் மேஜைக்கு வந்த டி-ஷர்ட்களின் முதுகில் 'ராஜவேல் வெட்ஸ் பிரியங்கா' என்று, தேதி, மண்டபத்தோடு அச்சாகியிருந்தது. ராஜவேல் அவள் தம்பி. கூடப்பிறந்தவளுக்குக் கல்யாணச் சேதி முறைப்படி இவ்வாறு வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. கூறைப்புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை அவன் கூடப்பிறந்தவளிடம். ராஜவேலுக்கு ஒரே அக்கா. அதில் தன்னை உட்கார வைத்துவிட்டால் மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஆசையில் உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

மண்டப வாசலில் அம்மா பழனாயி நின்றாள்.

"வாங்க. பந்தி நடக்குது, சாப்புட்டுப் போங்க."

பெற்ற மகளுக்கு இத்தனை மரியாதை தரும் தாய் கொங்குச் சீமையில் வேறு கிடையாது.

"அம்மா, இணைச்சீரு..."

"சித்தப்பன் மவ நித்யஸ்ரீ உக்காருதுங்க."

மைதிலி பந்திக்குப் போனாள். பாதி இலையில், மாப்பிள்ளைக் கோலத்தோடு ராஜவேல் ஓடி வந்தான். கையில் கூறைப்புடவை; குத்துவிளக்கு எண்ணெய் கொட்டியிருந்தது.

"அக்கா, போயிருமா?"

"போயிரும் கண்ணு. அந்த முனையப் புடிச்சு நில்லு."

மணப்பெண்ணின் முகப் பவுடர் வந்தது. கறை மேல் தூவி, ஊற விட்டு, ஒற்றி எடுத்தாள். எச்சில் இலைகளுக்கு நடுவே அக்கா ஒரு முனை, தம்பி ஒரு முனை. கறை போன பிறகும் இரண்டு பேரும் முனையை விடவில்லை.

பழனாயி வந்து புடவையை வாங்கி மடித்தாள். "ரொம்ப நன்றிங்க."

மேடையில் நித்யஸ்ரீ உட்கார்ந்தாள். ஓரமாக நின்ற மைதிலியை வீடியோக்காரர் இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார், படத்தில் விழுகிறாளாம். தள்ளி நின்றாள். அங்கிருந்தும் புடவையில் கறை இருந்த இடம் அவளுக்கு மட்டும் தெரிந்தது.